முதல் யு.எஸ். சாம்பியன் ஹார்லி ரேஸா? டல்லாஹசியில் யார் பார்த்தது?

மூன்றாங்கயிறு
நேற்று கணக்குப்பிள்ளை ஒரு பட்டியல் போட்டார். கரோலினா, வர்ஜீனியா பக்கம் ஜிம் கிராக்கெட் கம்பெனி 1975ல் ஓட்ட ஆரம்பித்து, இன்று டபிள்யூ.டபிள்யூ.ஈ. வரைக்கும் வந்திருக்கிற யு.எஸ். ஹெவிவெயிட் மல்யுத்தப் பட்டத்தின் "பிழையில்லாத முழு வரலாறு" என்று தலைப்பு. முதல் வரியிலேயே பிழை. "1. ஹார்லி ரேஸ், 1975 ஜனவரி 1, டல்லாஹசி, ஃப்ளோரிடா. டோர்னமென்ட் இறுதியில் ஜானி வீவரை வென்றார். 183 நாள்."

அந்த டோர்னமென்ட் நடக்கவே இல்லை. எட்டுப் பேர் என்றால் ஏழு ஆட்டம், நாலு பேர் என்றால்கூட மூன்று ஆட்டம். எந்தப் பட்டியலை எடுத்தாலும் இறுதி ஆட்டம் ஒன்றுதான் இருக்கிறது. அரையிறுதியில் ரேஸிடம் தோற்றது யார்? வீவரிடம் தோற்றது யார்? தரைத்தளமே கட்டாமல் மொட்டை மாடி.

ஏன் டல்லாஹசி என்றும் யோசியுங்கள். கிராக்கெட்டின் ஊர்கள் சார்லட், கிரீன்ஸ்பரோ, ராலி, ரிச்மண்ட், நார்ஃபோக். அங்கே நடந்ததாகப் புளுகினால் டிக்கெட் வாங்குகிற ஆளே "எப்போ நடந்தது?" என்று கேட்பான். ஃப்ளோரிடா எடி கிரஹாம் என்கிற வேறு ப்ரொமோட்டரின் வட்டாரம். சார்லட்டிலிருந்து சாலை வழியாகச் சுமார் 800 கிலோமீட்டர். யாரும் போய்ச் சரிபார்க்க மாட்டார்கள். 1979ல் பாட் பேட்டர்சன் ரியோ டி ஜெனிரோவில் டோர்னமென்ட் ஜெயித்து இன்டர்கான்டினென்டல் சாம்பியன் ஆனார் என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.ஈ.) சொன்னதும் இதே வித்தைதான். 1963ல் அந்தக் கம்பெனியின் முதல் உலக சாம்பியன் பட்டி ராஜர்ஸுக்கும் அதே ரியோ. ரியோ என்றால் எல்லாரும் சிரிக்கிறீர்கள். டல்லாஹசிக்கு மட்டும் என்ன பக்தி?

நிஜமான முதல் சாம்பியன் ஜானி வாலன்டைன். 1975 ஜூலை 3, கிரீன்ஸ்பரோ. ஆள் இருந்தார், ரிங் இருந்தது, ஆட்டம் இருந்தது.

கணக்குப்பிள்ளை
வணக்கம் மூன்றாங்கயிறு ஐயா. உங்கள் பதிவுக்கு நன்றி (என் பட்டியலைப் படித்தீர்களே, அதுவே பெரிசு). 1975 முதல் ஒவ்வொரு பட்ட மாற்றத்துக்கும் தேதி, ஊர், நாள் கணக்கு என்று தனித்தனிக் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். கம்பெனி தன் வரலாற்றுப் பட்டியலில் ரேஸைத்தான் முதல் ஆளாக வைத்திருக்கிறது. பட்டம் கம்பெனியின் சொத்து. முதல் ஆள் யார் என்று சொல்கிற உரிமையும் அவர்களுக்குத்தான். நீங்களோ நானோ சொல்ல முடியாது.

183 நாள் கணக்கு சரி. ஜனவரி 1 முதல் ஜூலை 3 வரை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாங்கயிறு
எண்ணத் தெரியும். நடக்காத தேதியிலிருந்து எண்ணினால் வருவது நாள் கணக்கு இல்லை, ஜாதகம்.

அரையிறுதி ஆடியவர்கள் பெயர்?

பிகர்ஃபோர் பாண்டி
அண்ணே ஒரு சின்னக் கேள்வி. வாலன்டைன் ஜூலை 3ல ஜெயிச்சாருன்னு நீங்களே சொல்றீங்க. யார்கிட்ட ஜெயிச்சாரு? ஹார்லி ரேஸ்கிட்ட. ரேஸ் சாம்பியனே இல்லன்னா வாலன்டைன் எதை ஜெயிச்சாரு, ரேஸோட தாடியையா? கல்யாணமே நடக்கல, ஆனா விவாகரத்து மட்டும் செல்லும்ங்கிறீங்க.

மூன்றாங்கயிறு
நல்ல உவமை, பாண்டி. அதையே எடுத்துக்கொள்கிறேன். ரேஸ் வரவேற்புக்கு பெல்ட்டோடு வந்தார். மாலையும் கழுத்துமாக ஊர் முழுக்கச் சுற்றினார். தாலி கட்டினதைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. மண்டபம் டல்லாஹசியில் என்று மாப்பிள்ளையே சொல்கிறார். சாட்சிக் கையெழுத்து யார் என்றுதான் கேட்கிறேன். அரையிறுதியில் தோற்ற இரண்டு பேர்.

பிகர்ஃபோர் பாண்டி
ரெஸ்லிங்ல சாட்சி கேக்குற ஒரே ஆள் நீங்கதான்ணே. முடிவை முன்னாடியே புக்கர் எழுதி வச்சிருக்கற ஆட்டத்துல "நடந்தது", "நடக்கல"ன்னு என்ன பெரிய வித்தியாசம்? கிரீன்ஸ்பரோல வாலன்டைன் ஜெயிச்சதும் எழுதி வச்சதுதான். டல்லாஹசில ரேஸ் ஜெயிச்சதும் எழுதி வச்சதுதான். ஒண்ணு ரிங்ல ஆடுனாங்க, இன்னொண்ணு மைக்ல ஆடுனாங்க.

மூன்றாங்கயிறு
வித்தியாசம் இருக்கிறது. முடிவு எழுதி வைத்ததாக இருந்தாலும் கிரீன்ஸ்பரோவில் பத்தாயிரம் பேருக்கு மேல் உட்காரும் அரங்கில் உடம்பைத் தரையில் போட்டார்கள். அந்த ஆட்டத்துக்கு முன்னால் பேப்பரில் விளம்பரம், மறுநாள் முடிவு, அடுத்த வாரம் டிவியில் பேட்டி. இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் ஒரு ஹவுஸ் ஷோ (டிவியில் வராத ஊர் ஆட்டம்) நடந்தது என்று வைத்துக்கொள்கிறோம். விளம்பரம் மட்டும் போதாது, போஸ்டரில் இருந்தவர் வராமல் வேறு ஆள் இறங்கியது எத்தனையோ தடவை. டிவி மட்டும் போதாது, ஒளிபரப்பிய தேதியும் பதிவு செய்த தேதியும் வேறு வேறு. மாத இதழ் மட்டும் போதவே போதாது. அட்டையில் போட்டிருக்கும் மாதத்துக்கு வெகு முன்னாலேயே உள்ளே இருப்பதை எழுதி முடித்திருப்பார்கள்.

இன்னொன்று. 1975 ஜனவரி 1 என்ன கிழமை? புதன். கிராக்கெட்டுக்குப் புதன் என்றால் ராலியில் டபிள்யூ.ஆர்.ஏ.எல். ஸ்டுடியோவில் டிவி பதிவு. வீவர் சார்லட்காரர். ஜார்ஜ் பெக்கரோடு டேக் டீமாக (இருவர் ஜோடியாக) 60களிலிருந்து அந்த வட்டாரத்தின் செல்லப்பிள்ளை. அவரைப் புதன்கிழமை 800 கிலோமீட்டர் தள்ளி அடுத்தவர் ஊருக்கு அனுப்பி, தோற்க வைத்து, அதைப் படம்கூட எடுக்காமல் விடுவார்களா? தொழில் தெரிந்தவர் செய்கிற வேலையா அது?

கணக்குப்பிள்ளை
ஐயா, ஜனவரி 1 புத்தாண்டு விடுமுறை. விடுமுறை நாளில் டிவி பதிவு இருந்தது என்று நீங்களாக வைத்துக்கொள்கிறீர்கள். ஊகத்தை ஊகத்தால் அடிக்காதீர்கள்.

மூன்றாங்கயிறு
விடுமுறை என்றால் இன்னும் மோசம். தாங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் கிராக்கெட்டுக்கு வசூல் நாள். உள்ளூர்ச் செல்லப்பிள்ளையை அன்றைக்கா வெளியூர் அனுப்புவார்?

மேலும், பழைய பட்டியல்களில் "ஜனவரி 1" என்று கண்டாலே எனக்கு மூக்கு வியர்க்கும். நம் தாத்தாக்கள் எல்லாருக்கும் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி ஜூன் மாதம் இருக்கிறதே, அந்த வகை தேதி.

சேலத்து ஸ்லீப்பர்
😂😂 தாத்தாவுக்கும் டல்லாஹசிதான்

பிகர்ஃபோர் பாண்டி
மூன்றாங்கயிறு அண்ணனுக்கு ரேஸ் மேல என்ன காண்டுன்னு தெரியல. எட்டு தடவை உலக சாம்பியன்.

மூன்றாங்கயிறு
ரேஸ் மேல் ஒரு கோபமும் இல்லை. 1973 மே 24ல் கான்சாஸ் சிட்டியில் டோரி ஃபங்க் ஜூனியரை வென்றவர், அதே ஜூலை 20ல் ஹூஸ்டனில் ஜாக் பிரிஸ்கோவிடம் தோற்றவர். அதனால்தான் அவரை கிராக்கெட் பிடித்தார். புது பெல்ட்டுக்கு மதிப்பு எங்கிருந்து வரும்? பழைய உலக சாம்பியன் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தால் வரும். அவரை உள்ளூர் நாயகன் ஜெயித்தால் அந்த மதிப்பு உள்ளூரிலேயே தங்கிவிடும். சுத்தமான வேலை. இதைச் செய்ய அரையிறுதி தேவையில்லை, கால்பக்க டிவி பேச்சு போதும். நான் சொல்வதும் அதுதான். அது பேச்சு. ஆட்டம் இல்லை.

பழைய_பெல்ட்
ஒரு சின்னத் திருத்தம். "உள்ளூர் நாயகன்" என்று வாலன்டைனைச் சொல்கிறீர்களா? அவர் ஹீல். கிராக்கெட் கம்பெனி அதுவரை டேக் டீமை நம்பி ஓடிய இடம். புக்கர் ஜார்ஜ் ஸ்காட் வந்த பிறகுதான் தனி ஆட்டக்காரர்களை முன்னால் தள்ளினார். அதற்கு அவர் கொண்டுவந்த முதல் பெரிய ஆள் வாலன்டைன். மெதுவான ஆட்டம், இடி மாதிரி முழங்கை. ஜனங்கள் அவரைத் திட்டத்தான் வந்தார்கள்.

மூன்றாங்கயிறு
சரி, உள்ளூர் வில்லன். அரையிறுதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பழைய_பெல்ட்
சம்பந்தம் இல்லை. தப்பு தப்புதானே.

கரூர்_கிளாத்ஸ்லைன்
புதுசா வர்றவனுக்கு ஒரு டவுட். யு.எஸ். சாம்பியன்னா நாடு முழுக்கத்தானே, அத ஏன் வட்டாரப் பட்டம்னு சொல்றீங்க?

மூன்றாங்கயிறு
பெயர்தான் நாடு. எல்லை மூன்று மாநிலம். என்.டபிள்யூ.ஏ. என்பது கிராக்கெட்டும் சேர்ந்திருந்த ப்ரொமோட்டர்களின் சங்கம். சங்கம் கூடி ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது உலக சாம்பியனைத்தான். அவரிடம் 25,000 டாலர் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் பெல்ட்டைக் கொடுப்பார்கள். பெல்ட்டோடு ஓடிவிடக் கூடாதே. வட்டாரப் பட்டங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, அவரவர் கடை, அவரவர் பலகை. அதனால் ஒரே காலத்தில் பல "யு.எஸ். சாம்பியன்"கள். டெட்ராய்ட்டில் தி ஷேக் வைத்திருந்தார். சான் ஃப்ரான்சிஸ்கோவில் ராய் ஷயர் கம்பெனியில் ரே ஸ்டீவன்ஸ், பாட் பேட்டர்சன். டொரான்டோவில்கூட ஒன்று இருந்தது, அது கனடா! 1981ல் சான் ஃப்ரான்சிஸ்கோ கடையும் மூடிய பிறகுதான் கிராக்கெட்டின் பெல்ட் தனிக்காட்டு ராஜா ஆனது. எதிரியை ஜெயித்து ஒன்றாக்கவில்லை, மற்றவர்கள் திவாலானதில் மிஞ்சியது.

பிகர்ஃபோர் பாண்டி
மிஞ்சினதுக்கு காரணம் ரிக் ஃப்ளேர். 1977 ஜூலை 29 ரிச்மண்ட், பாபோ பிரேசில அடிச்சு முதல் தடவை. மொத்தம் ஆறு தடவை. அந்தப் பட்டத்தோட வரலாறே ஃப்ளேர் வரலாறுதான். முதல் ஆள் யாருன்னா என்ன, முக்கியமான ஆள் யாருன்னு பாருங்க.

மூன்றாங்கயிறு
எந்த இழையைத் திறந்தாலும் ஃப்ளேர். சாம்பார் எப்படி வைப்பது என்று கேட்டால்கூட "ஃப்ளேர் கரண்டி பிடிப்பார்" என்பீர்கள். இங்கே பேச்சு முதல் சாம்பியன்.

பிகர்ஃபோர் பாண்டி
லெக்ஸ் லூகர் இழைல நீங்க பண்ணதை மறக்கல அண்ணே. அவர் யு.எஸ். சாம்பியனா இருந்தது 523 நாள்னு நான் போட்டேன். "சும்மா அடிச்சு விடாதீங்க"ன்னு பத்துப் பேர் முன்னாடி சொன்னீங்க. அப்புறம் சத்தமே இல்ல.

மூன்றாங்கயிறு
523 தப்பு என்று நான் சொல்லவில்லை. எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டேன். நீங்கள் பதிலே சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை
நான் சொல்கிறேன். மைக்கேல் ஹேயஸிடமிருந்து 1989 மே 22ல் வாங்கினார். 1990 அக்டோபர் 27, சிகாகோ, ஹாலோவீன் ஹேவக் நிகழ்ச்சியில் ஸ்டான் ஹான்சனிடம் விட்டார். மே 22 முதல் மறு மே 22 வரை 365. அங்கிருந்து அக்டோபர் 22 வரை 153. இன்னும் 5. ஆக 523. பட்டத்தின் மிக நீண்ட ஒற்றை ஆட்சி. என் கட்டத்தில் அப்போதே இருந்தது.

பிகர்ஃபோர் பாண்டி
பாத்துக்கங்க. 523.

மூன்றாங்கயிறு
அது இரண்டு முனையும் நிஜ ஆட்டம். அதனால் எண்ண முடிகிறது. ரேஸின் 183ல் ஒரு முனை காற்றில் தொங்குகிறது. நீங்கள் எனக்கே வேலை செய்து கொடுக்கிறீர்கள்.

மடக்குநாற்காலி
ஜிந்தர் மஹால் யு.எஸ். சாம்பியன் ஆனதை யாருமே சொல்லலியே. ரெஸ்ல்மேனியா 34, 2018 ஏப்ரல் 8, நியூ ஆர்லியன்ஸ். நம்ம ஆள் இந்தப் பட்டியல்ல இருக்கார்னு பெருமைப்படாம டல்லாஹசி டல்லாஹசின்னு என்னய்யா.

பழைய_பெல்ட்
நம்ம ஆளா? பிறந்தது கனடா, கால்கரி. எட்டே நாள். ஏப்ரல் 16, "ரா" டிவி நிகழ்ச்சியில் ஜெஃப் ஹார்டியிடம் போச்சு.

மடக்குநாற்காலி
எட்டு நாள்னாலும் ரிங்ல ஜெயிச்சது. உங்க ரேஸ் மாதிரி போன்ல ஜெயிக்கல.

மூன்றாங்கயிறு
இந்த இழையில் முதல் முறையாக ஒருவர் உருப்படியாகப் பேசியிருக்கிறார். அதுவும் தெரியாமல்.

மடக்குநாற்காலி
தெரியாமலா? வயசுக்கு மரியாதை குடுக்குறேன், அதுக்காக எதுவும் பேசலாம்னு இல்ல.

பிகர்ஃபோர் பாண்டி
போட்டியே இல்லாம பட்டம் கைமாறுறது ரெஸ்லிங்ல சகஜம்ணே. 1994 செப்டம்பர், ஃபால் பிரால் நிகழ்ச்சி. அப்ப யு.எஸ். சாம்பியன் ஸ்டீம்போட்டுக்கு முதுகு போச்சு, ஆட முடியல. ஸ்டீவ் ஆஸ்டின் கையில பெல்ட்ட சும்மா குடுத்தாங்க. அடுத்த நிமிஷமே ஹேக்ஸா டக்கன் வந்து 35 செகண்டுல புடுங்கிட்டுப் போனாரு. ஆஸ்டின் பேரு பட்டியல்ல இருக்கா இல்லையா? இருக்கு. ஆட்டம் ஆடுனாரா? இல்ல. அப்ப ரேஸுக்கு மட்டும் ஏன் அரையிறுதி கேக்குறீங்க?

மூன்றாங்கயிறு
ஏனென்றால் ஆஸ்டினுக்குக் கொடுத்தபோது "சும்மா கொடுக்கிறோம்" என்று ஊர் முன்னால் சொல்லிக் கொடுத்தார்கள். பட்டியலிலும் அப்படியே எழுதியிருக்கிறது. ரேஸுக்கும் "கம்பெனி அறிவித்தது" என்று எழுதட்டும், நான் இப்போதே தூங்கப் போகிறேன். எழுதியிருப்பது "வீவரை வென்றார்". வென்றார்! எதில்? எந்த ரிங்கில்? எந்த நடுவர் தரையைத் தட்டினார்? பிடியா, தோளைத் தரையில் அழுத்துகிற "பின்"னா, ரிங்குக்கு வெளியே பத்து எண்ணியதா? ஒரு விவரமும் கிடையாது. வீவரின் ஸ்லீப்பர் பிடி (கழுத்தை இறுக்கி மயங்க வைப்பது) அந்த வட்டாரத்தில் அவ்வளவு பிரபலம். அதிலிருந்து ரேஸ் எப்படி வெளியே வந்தார் என்றுகூட எவனும் சொல்லவில்லை.

சேலத்து ஸ்லீப்பர்
என் பேரை இழுக்காதீங்க சார் 😄

கணக்குப்பிள்ளை
நிஜமான டோர்னமென்ட் எப்படி இருக்கும் என்று நீங்களே சொல்லுங்களேன். நான் பட்டியல் போட்டால் குறை, நீங்கள் மட்டும் கேள்வி.

மூன்றாங்கயிறு
சொல்கிறேன். தூரம் போக வேண்டாம், அதே பெல்ட், அதே வருஷம்.

1975 அக்டோபர் 4, சனிக்கிழமை. சார்லட்டிலிருந்து வில்மிங்டனுக்குச் செஸ்னா 310 விமானம். உள்ளே வாலன்டைன், ஃப்ளேர், பாப் ப்ருகர்ஸ், டிம் உட்ஸ், ப்ரொமோட்டர் வீட்டுப் பிள்ளை டேவிட் கிராக்கெட். எரிபொருள் தீர்ந்து, ஓடுபாதைக்குச் சற்று முன்னால் விழுந்தது. விமானி பிறகு இறந்தார். வாலன்டைனுக்கு முதுகெலும்பு முறிந்து வாழ்க்கையே மாறிப்போனது, அதன் பிறகு அவர் ஆடவில்லை. ஃப்ளேருக்கும் முதுகு முறிந்தது, சில மாதத்தில் திரும்பி வந்தார். 93 நாளில் வாலன்டைனின் ஆட்சி முடிந்தது. பட்டம் காலி.

இதில் தொழில் தெரிந்தவர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. டிம் உட்ஸ் அன்றைக்கு நல்லவன் கட்சி, வாலன்டைனும் ஃப்ளேரும் கெட்டவன் கட்சி. மூவரும் ஒரே விமானத்தில் என்று பேப்பரில் வந்தால் வியாபாரம் படுத்துவிடும். உட்ஸ் ஆஸ்பத்திரியில் தன் இயற்பெயரைக் கொடுத்து, தான் ப்ரொமோட்டர் என்று சொல்லிக்கொண்டார். அடிபட்ட உடம்போடு சீக்கிரமே ரிங்கில் முகம் காட்டினார், சந்தேகம் வரக்கூடாது என்று. விபத்திலேயே இவ்வளவு மறைக்கிற தொழில், ஒரு டோர்னமென்ட்டை வாயால் நடத்தாதா?

பிறகு நவம்பர் 9, ஞாயிறு, கிரீன்ஸ்பரோ. ஒரே நாளில் டோர்னமென்ட். இறுதியில் டெர்ரி ஃபங்க் பால் ஜோன்ஸை வென்றார். நவம்பர் 27, தாங்க்ஸ்கிவிங் அன்று அதே ஊரில் ஜோன்ஸ் ஃபங்கை வென்றார். 18 நாள். டிசம்பர் 10ல் மியாமி பீச்சில் அதே ஃபங்க் ஜாக் பிரிஸ்கோவை வென்று உலக சாம்பியன். கணக்குப் போட்டுத்தான் ஃபங்கை நவம்பரில் இறக்கினார்கள். வெளியூர்ப் பெரிய ஆள் வந்து ஜெயித்து, உள்ளூர்க்காரனிடம் விட்டுவிட்டுப் போவது. ரேஸை வைத்து என்ன செய்தார்களோ அதேதான், இந்தத் தடவை நிஜமாக, ஜனங்கள் முன்னால்.

ஒரே இரவில் டோர்னமென்ட் நடத்துவதன் கஷ்டமும் தெரிந்திருக்கட்டும். பதினாறு பேர் என்றால் பதினைந்து ஆட்டம். ஆளுக்குப் பத்து நிமிஷம், நடுவில் வந்து போகும் நேரம் என்று சேர்த்தால் நாலு மணி நேரம் ஓடிவிடும். இறுதிக்கு வருகிறவன் அன்றைக்கு நாலாவது முறை இறங்குகிறான், மூச்சு இருக்காது. அதனால் நடுவில் இரண்டு பேரையும் தகுதிநீக்கம் செய்து ஒரு இடத்தைக் காலியாக்கி, அடுத்தவனுக்கு ஆடாமலே வழி விடுவார்கள். அந்த "பை" எங்கே விழுந்தது என்று பார்த்தால் புக்கர் யாரைக் காப்பாற்றினார் என்று தெரியும். டல்லாஹசியில் "பை" யாருக்கு விழுந்தது? பைதான் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை.

கணக்குப்பிள்ளை
இவ்வளவு எழுதினீர்களே, என் பட்டியலில் இதில் ஏதாவது தப்பாக இருக்கிறதா? நவம்பர் 9 இருக்கிறது. நவம்பர் 27 இருக்கிறது. 1976 மார்ச் 13ல் ஜோன்ஸிடமிருந்து வாங்கிய பிளாக்ஜாக் மல்லிகன் இருக்கிறது. நூற்றுக்கணக்கான வரிகளில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு "முதல் வரியிலேயே பிழை" என்கிறீர்கள்.

மூன்றாங்கயிறு
"பிழையில்லாத" என்று தலைப்பு வைத்தது நீங்கள்.

பழைய_பெல்ட்
இடையில் ஒன்று. பட்டியலில் ஜானியின் மகன் கிரெக் வாலன்டைன் வரியில் "தோற்ற கோபத்தில் பெல்ட்டை உடைத்தார்" என்று குறிப்பு இருக்கிறது. தப்பு. அவர் உடைத்தது இன்டர்கான்டினென்டல் பெல்ட். 1985 ஜூலை 6, பால்டிமோர், கூண்டு ஆட்டத்தில் டிட்டோ சந்தானாவிடம் தோற்ற பிறகு கூண்டிலேயே அடித்தார். கம்பெனி வேறு, பெல்ட் வேறு.

கணக்குப்பிள்ளை
அது குறிப்புதான், பட்டியலின் பகுதி இல்லை.

பழைய_பெல்ட்
குறிப்பில் தப்பு இருந்தால் தப்பு இல்லையா?

கணக்குப்பிள்ளை
குறிப்பை நீக்கிவிட்டேன். திருப்தியா? மகனையும் அப்பாவையும் குழப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று போட்டது.

பழைய_பெல்ட்
பெல்ட் என்றால் சும்மா இல்லை. தோல் பட்டையில் உலோகத் தகடு பதித்து, பின்பக்கம் திருகு போட்டு முறுக்குவார்கள். கூண்டுக் கம்பியில் அடித்தால் முதலில் போவது நடுத் தகட்டின் ஓரம். தகடு வளைந்தால் திரும்ப நிமிர்த்தினாலும் முலாம் உரிந்துவிடும். அதனால்தான் சந்தானாவுக்குப் புது பெல்ட். இவ்வளவு விஷயம் அந்த ஒரு குறிப்பில்.

சேலத்து ஸ்லீப்பர்
அடுத்து "பெல்ட் பராமரிப்பு, 10 வழிகள்" இழை வருது, எல்லாரும் ரெடியா இருங்க

மட்டுறுத்துநர்
வயது, ஊர், தாத்தா பற்றிய கிண்டல் வேண்டாம். மடக்குநாற்காலி, நீங்கள் நீக்கிய பதிவை நான் படித்துவிட்டேன். இழையின் பொருளுக்கு வாருங்கள்.

மூன்றாங்கயிறு
பொருள்: அரையிறுதி ஆடியவர்கள் பெயர்.

பிகர்ஃபோர் பாண்டி
சரிண்ணே, உங்க வழிக்கே வரேன். டிவில சொன்னத நம்பாதீங்க. பேப்பர்ல இல்லைங்கிறீங்க. பேப்பர்ல இல்லாட்டி நடக்கலன்னு அர்த்தமா? அந்தக் காலத்துல ரெஸ்லிங் ரிசல்ட்ட எத்தனையோ பேப்பர் போடவே மாட்டாங்க. டிவி பதிவு டேப்பும் இல்ல. அந்த அகல டேப் ஒண்ணு வாங்கற காசுக்கு அழிச்சு அழிச்சு மேலயே பதிவு பண்ணுவாங்க. 70கள்ல கிராக்கெட் டிவி முக்கால்வாசி அப்படித்தான் போச்சு. ஆதாரம் அழிஞ்சு போன காலத்தப் பத்தி "ஆதாரம் குடு"ன்னா எவன் குடுப்பான்?

மூன்றாங்கயிறு
டேப் அழிந்தது உண்மை. ஒரே டேப்பை ஊர் ஊராக நிலையத்துக்கு நிலையம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பி, அந்தந்த ஊருக்குத் தனியாகப் பேட்டி ஒட்டினார்கள் என்பதும் உண்மை. ஆனால் அழிந்த டேப்பில் டல்லாஹசி இருந்தது என்பதற்கு அழிந்ததே சாட்சியா? அப்படியென்றால் என் பெயரும் அந்த டேப்பில் முதல் சாம்பியனாக இருந்தது. அழித்துவிட்டார்கள்.

பிகர்ஃபோர் பாண்டி
உங்க பேரு மூன்றாங்கயிறு. நீங்க மேல ஏறி விழுந்தா கீழ யாரும் இருக்க மாட்டாங்க, அதான் பிரச்சினை.

கரூர்_கிளாத்ஸ்லைன்
இன்னொரு டவுட். நடுவுல பட்டமே இல்லாம இருந்துச்சாமே, அப்ப 1975லேர்ந்து ஒரே பட்டம்னு எப்படி சொல்றது?

மூன்றாங்கயிறு
இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 2001 நவம்பர் 18, சர்வைவர் சீரிஸ். எட்ஜ் யு.எஸ். சாம்பியன், டெஸ்ட் இன்டர்கான்டினென்டல் சாம்பியன். இரண்டு பட்டத்தையும் ஒன்றாக்கும் ஆட்டம். எட்ஜ் ஜெயித்தார், யு.எஸ். பட்டம் மூடப்பட்டது. எந்த ஊர்? கிரீன்ஸ்பரோ. வாலன்டைன் ஜெயித்த அதே ஊரில் அடக்கம். பிறகு 2003 ஜூலை 27, வென்ஜன்ஸ், டென்வர். எடி கெரேரோ கிறிஸ் பென்வாவை வென்று பட்டம் மறுபடி. நடுவே இருபது மாதம் ஒன்றுமில்லை.

பிகர்ஃபோர் பாண்டி
ஆக, இருபது மாசம் செத்துக் கெடந்த பட்டம் ஒரே பட்டம்னு நீங்க ஒத்துக்கறீங்க. 2003ல கம்பெனி "அதே பட்டம்தான்"னு சொன்னத நம்பறீங்க. 1975ல கம்பெனி "ரேஸ்தான் சாம்பியன்"னு சொன்னத நம்ப மாட்டீங்க. கம்பெனி வார்த்தை உங்களுக்கு வேணும்போது வேதம், வேணாம்போது டல்லாஹசி.

கணக்குப்பிள்ளை
👏 இதைத்தான் முதல் பதிலிலேயே சொன்னேன்.

மூன்றாங்கயிறு
இல்லை. 2003ல் டோர்னமென்ட் நடந்தது. இறுதி இருந்தது, அதற்கு முன் அரையிறுதியும் இருந்தது, இரண்டும் டிவியில் வந்தன. பட்டம் அதேதானா என்பது வேறு கேள்வி, அதற்குத் தனி இழை திறங்கள், அங்கேயும் வருகிறேன். இங்கே என் கேள்வி ஒன்றுதான். மாற்றிக் கேட்கவும் இல்லை.

பிகர்ஃபோர் பாண்டி
பதில் சொல்ல முடியாத இடம் வந்தா "தனி இழை". ஒத்துக்கங்கண்ணே.

மூன்றாங்கயிறு
எதை? அரையிறுதி ஆடியவர்கள் பெயரைச் சொல்லுங்கள், மறுநிமிஷம் ஒத்துக்கொள்கிறேன்.

மடக்குநாற்காலி
நீக்கின பதிவுல நான் தப்பா ஒண்ணும் எழுதல. மட்டுறுத்துநர் ஒருதலைப்பட்சமா நடந்துக்கறார்.

கணக்குப்பிள்ளை
நண்பர்களே, பட்டியலைப் புதுப்பித்திருக்கிறேன். முதல் வரி: "1. ஹார்லி ரேஸ், 1975 ஜனவரி 1, டல்லாஹசி✱". கீழே ✱ குறிக்கு விளக்கம்: "இந்த டோர்னமென்ட்டின் முழு விவரம் கிடைக்கவில்லை." இது யாருக்காகவும் மாற்றியது இல்லை. முன்பே போட நினைத்திருந்தேன்.

மூன்றாங்கயிறு
நட்சத்திரம் தப்பான இடத்தில் இருக்கிறது. டல்லாஹசி என்கிற ஊர் இருக்கிறது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. "வென்றார்" மேல் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை
ஊர் மேல்தான் இருக்கும்.

மூன்றாங்கயிறு
183க்கும் ஒன்று போட வேண்டும்.

பிகர்ஃபோர் பாண்டி
கணக்கு அண்ணே, நட்சத்திரத்தை எடுங்க. ஒரு தடவை விட்டுக் குடுத்தா அடுத்து 523க்கும் நட்சத்திரம் கேப்பாரு.

பழைய_பெல்ட்
புதுப்பித்த பட்டியலில் கிரெக் வாலன்டைன் குறிப்பு இன்னும் இருக்கிறது. நீக்கிவிட்டேன் என்றீர்களே?